எருசலேமுக்குத் திரும்பியவர்கள்: மதிலுக்குள் குடிவைக்கச் சீட்டுப் போட்ட கதை

யூதர்கள் பாபிலோனுக்கு அடிமைகளாகப் போனார்கள், எழுபது ஆண்டு கழித்து கோரேசு ராஜா விடுதலை கொடுத்தார், எல்லோரும் ஊர் திரும்பி 52 நாளில் மதிலைக் கட்டிக் குடியேறினார்கள். ஞாயிறு பள்ளியில் கேட்டவர்களும் சரி, யூடியூபில் கேட்டவர்களும் சரி, கதையை இப்படித்தான் சொல்வார்கள். மதில் வேலையை நடத்திய நெகேமியாவைத் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறவர்களும், பைபிளில் அவர் பெயரில் உள்ள புத்தகத்தை ஐம்பத்திரண்டாம் நாளோடு மூடிவிடுகிறார்கள்.

நடந்தது வேறு. எல்லோரும் போகவும் இல்லை, போன எல்லோரும் திரும்பவும் இல்லை. முதலில் திரும்பியவர்கள் மதிலைக் கட்டவில்லை. அது அவர்களுடைய பேரன், கொள்ளுப்பேரன் காலத்து வேலை. மதில் எழும்பி, கதவு மாட்டி முடித்தபோது உள்ளே குடியிருக்கப் போதுமான ஆள் இல்லை. கடைசியில் நாட்டுப்புறத்து ஜனங்களுக்குள் சீட்டுப் போட்டு, பத்துப் பேருக்கு ஒருவர் என்று நகரத்துக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் சுவையான பகுதி இதுதான். ஆனால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சுவர் இருக்கிறது, வீடு இல்லை

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுச்சுவர் இருக்கும், வாசலில் வளைவு இருக்கும், வளைவின்மேல் ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர் இருக்கும். உள்ளே போனால் எல்லைக்கல்லும் முள்செடியும்தான். மனை வாங்கியவர்கள் வேறெங்கோ குடியிருக்கிறார்கள். வீடு இல்லாததால் பால்காரர் வருவதில்லை. பால்காரர்கூட வராத இடத்தில் வீடு கட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. காவலுக்கு ஒருவரைப் போட்டாலும் அத்தனை நீளச் சுவரை அவர் ஒற்றையாய் எப்படிப் பார்ப்பார்? முதல் பத்துக் குடும்பம் வந்து விளக்கேற்றினால் மற்றவர்கள் தானாக வருவார்கள். அந்த முதல் பத்தில் ஒன்றாக இருக்கத்தான் ஆள் கிடைக்காது.

கி.மு. 445-இல் எருசலேம் ஏறக்குறைய இப்படி இருந்தது. கூடுதலாக, சுற்றுவட்டாரத்தில் அந்த மதில் எழும்புவதையே விரும்பாத, ஆயுதபலம் உள்ள அண்டை ஆட்சியாளர்களும் இருந்தார்கள். இந்த நிலை எப்படி வந்தது என்று தெரிய, நூற்றைம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

போனவர்கள் யார், இருந்தவர்கள் யார்

கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இளம் அரசன் யோயாக்கீனையும் அரண்மனை ஆட்களையும் படைவீரர்களையும் கொல்லர் முதலான கைவினைஞர்களையும் கொண்டுபோனான். கி.மு. 586-இல் (587 என்று கணக்கிடுவோரும் உண்டு) அவனுடைய படை மறுபடி வந்து ஆலயத்தைக் கொளுத்தி மதிலை இடித்துத் தள்ளியது. இன்னொரு கூட்டமும் நாடுகடத்தப்பட்டது. இந்த நாடுகடத்தலையும் அதற்குப் பிறகு அந்நிய மண்ணில் கழிந்த காலத்தையும் சேர்த்துத்தான் சிறையிருப்பு என்கிறோம்.

எத்தனை பேர் போனார்கள்? பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தின் கடைசி அதிகாரம் மூன்று தவணையாகக் கணக்குக் கொடுக்கிறது: 3,023, பிறகு 832, பிறகு 745. மொத்தம் 4,600. இராஜாக்கள் புத்தகமோ முதல் தவணையிலேயே 10,000 பேர் என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு நாட்டு ஜனத்தொகை ஆகாது. எடுத்துப்போனது மேல்தட்டையும் கைத்தொழில் தெரிந்தவர்களையும். ஏழைகளைத் திராட்சைத் தோட்டம் பார்க்கவும் நிலம் உழவும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். மீந்திருந்தவர்களுக்கு கெதலியா என்பவரை அதிகாரியாக வைத்து, வடக்கே மிஸ்பா என்ற ஊரிலிருந்து ஆட்சி நடந்தது. ஆக, யூதா நாடு காலியாகக் கிடக்கவில்லை. பாழாய்ப் போனது தலைநகரமும் அதைச் சுற்றியிருந்த பகுதியும்.

பாபிலோனில் இவர்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார்கள் என்ற படமும் சரியில்லை. பாபிலோன் நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்துகொடுத்த கணக்கு இருக்கிறது. இன்னொரு பலகைத் தொகுதி அல்-யாகூது என்ற ஊரைப் பற்றியது. யூதாவிலிருந்து வந்தவர்களைக் குடிவைத்த ஊர் அது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது, வரி கட்டியது, கடன் கொடுத்தது, வாங்கியது எல்லாம் தேதியோடு பதிவாகியிருக்கிறது. அரசன் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும், கேட்டபோது ஊழியம் செய்ய வேண்டும். அது சுதந்திரம் இல்லை. ஆனால் வயலும் வாய்க்காலும் பேரப்பிள்ளைகளுமாக வாழ்க்கை ஓடியிருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள் என்று எரேமியாவே அவர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

இந்தப் பலகைகளில் பழையது கி.மு. 572-ஐ ஒட்டியது. கடைசிப் பலகைகள் கி.மு. 477 வரை வருகின்றன. அதாவது, ஊருக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்து அறுபது ஆண்டு ஆன பிறகும் அதே ஊரில் அதே குடும்பங்கள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தன. பாபிலோனிய யூதச் சமூகம் பிற்காலத்தில் தல்மூது என்ற பெரும் சட்ட நூலையே தொகுத்தது. ஈராக்கில் அவர்களுடைய தொடர்ச்சி 1950-51-இல் பெருந்திரளாக வெளியேறும்வரை இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நாடுகடத்தப்பட்டது ஒரு பகுதியினர் மட்டும். அவர்களிலும் பலர் பாபிலோனில் வேர் பிடித்துவிட்டார்கள். யூதாவின் கிராமங்களில் ஆள் இருந்தது, எருசலேமில்தான் இல்லை.

ஒரே ஊர்வலமாக யாரும் திரும்பவில்லை

கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேசு (வரலாற்றுப் புத்தகங்களில் சைரஸ்) பாபிலோனைப் பிடித்தான். மறு ஆண்டு, யூதர்கள் போய் ஆலயத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்ததாக எஸ்றா புத்தகம் சொல்கிறது. 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் களிமண் உருளையை இதற்கு நேரடிச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த உருளையில் எருசலேமும் இல்லை, யூதர்களும் இல்லை. தெய்வங்களையும் ஜனங்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பினேன் என்று கோரேசு பொதுவாகச் சொல்லிக்கொள்கிறான். யூதர்களுக்குக் கிடைத்த உத்தரவு அந்தக் கொள்கைக்குப் பொருந்துகிறது என்று சொல்லலாம். அதற்குமேல் அந்த உருளையின் தலையில் சுமை ஏற்றக்கூடாது.

முதல் கூட்டம் சேஸ்பாத்சார் என்பவர் தலைமையில் வந்தது. பிறகு செருபாபேல், பிரதான ஆசாரியன் (ஆலயத்தின் தலைமைப் பூசாரி) யெசுவா ஆகியோரின் பெயர்கள் முன்னுக்கு வருகின்றன. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் பெரிய பட்டியல் ஒன்று இருக்கிறது: 42,360 பேர், வேலையாட்கள் 7,337, குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720. கழுதையைக்கூட எண்ணிவைத்த இந்தப் பட்டியல் ஒரே பயணத்தின் கணக்காக இருக்காது, பல பத்தாண்டுகளில் தவணை தவணையாக வந்தவர்களின் கூட்டுத்தொகை என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வர, பிற்பாடு கிளம்பிய வேதபாரகர் எஸ்றாவின் குழுவுக்கே ஏறக்குறைய நாலு மாதம் பிடித்தது. வயல், வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்புவது சின்ன முடிவில்லை. கிளம்பாதவர்கள் வெள்ளியும் பொன்னும் கொடுத்தனுப்பினார்கள்.

வந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலின் கடைசி வரி, ஆசாரியர் உட்பட எல்லோரும் 'தங்கள் தங்கள் பட்டணங்களில்' குடியேறினார்கள் என்கிறது. பெத்லகேம், எரிகோ, அனதோத்து என்று பாட்டன் நிலம் எங்கே இருந்ததோ அங்கே போனார்கள். விவசாயிக்கு நிலம் இருக்கும் இடம்தானே ஊர்?

ஆலயம் உண்டு, ஊர் இல்லை

ஆலய வேலை நடுவில் நின்றுபோய், ஆகாய், சகரியா என்ற தீர்க்கதரிசிகள் தூண்டிவிட, கி.மு. 515-இல் முடிந்தது. அப்புறம் எழுபது ஆண்டு, ஆலயம் மட்டும் நிற்க, சுற்றிலும் பெரும்பகுதி இடிபாடாகவே கிடந்தது. பண்டிகைக்கு ஜனங்கள் வருவார்கள், பலி செலுத்துவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். முறை வந்த ஆசாரியன் வந்து ஊழியம் முடித்துக் கிராமத்துக்குப் போவான். இதே காலத்தில் சகரியா கண்ட கனவு என்ன தெரியுமா? எருசலேமின் தெருக்களில் கிழவர்களும் கிழவிகளும் கையில் கோலோடு உட்கார்ந்திருப்பார்கள், சிறுவர் சிறுமிகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான். அது கனவாக இருக்க வேண்டிய நிலைமை.

அரசியல் ரீதியாக இந்தப் பகுதி இப்போது ஒரு நாடு கிடையாது. பாரசீகப் பேரரசின் ஒரு சின்ன நிர்வாகப் பிரிவு. அதற்கு யெகூத் என்று பெயர். வடக்கே பெத்தேல் பக்கத்திலிருந்து தெற்கே பெத்சூர் பக்கம்வரை இரண்டு நாளில் நடந்து முடித்துவிடலாம். அரசன் கிடையாது, பேரரசர் நியமிக்கிற ஆளுநர்தான். வரி வசூலித்து மேலே அனுப்புவதும், கலகம் வராமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. வடக்கே சமாரியாவுக்கும் இதேபோல் ஓர் ஆளுநர், பெயர் சன்பல்லாத்து. எருசலேம் மறுபடி மதிலோடு நிமிர்ந்தால் இவருடைய செல்வாக்கு குறையும். அம்மோன் பக்கத்துத் தொபியா, அரபிய கேஷேம் ஆகியோருக்கும் அதே கணக்கு.

இவர்கள் கதைக்காகச் சேர்த்த வில்லன்கள் இல்லை. எகிப்தின் தென் எல்லையில், நைல் நதித் தீவான எலிபன்டைனில், பாரசீகருக்காகக் காவல் நின்ற யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் கி.மு. 407-இல் யெகூத் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தின் நகல் கிடைத்திருக்கிறது. 'சமாரியா ஆளுநர் சன்பல்லாத்தின் பிள்ளைகளுக்கும்' இதைத் தெரிவித்திருக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

மதிலைக் கட்டியவர்கள் யார்

கி.மு. 445. பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான சூசானில், அர்தசஷ்டா ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்தவர் நெகேமியா. ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக்கொடுப்பவர் என்றால் சாதாரண வேலையாள் இல்லை. ராஜா உயிரையே நம்பி ஒப்படைத்திருக்கும் ஆள். எருசலேமின் மதில் இடிந்து, வாசல்கள் எரிந்து கிடக்கின்றன என்று சகோதரன் ஆனானி மூலம் கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு ஆளுநராக வந்தார். மரம் கொடுக்கும்படி வனக்காவலருக்கு ராஜாவின் கடிதம், துணைக்குக் குதிரைப்படை. பாரசீகருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பது நியாயம்தான். கி.மு. 460 வாக்கில் எகிப்தில் பெரிய கலகம் வெடித்து, ஏதென்ஸ் கப்பல் அனுப்பி உதவி செய்து, அடக்கவே சில ஆண்டுகள் ஆயிற்று. எகிப்துக்குப் போகிற வழியோரத்தில், நம்பிக்கையான ஆளின் கையில் ஓர் அரணான ஊர் இருப்பது பேரரசுக்கும் நல்லது என்று சில ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எனக்கு இது ஏற்புடையதாகவே தெரிகிறது.

வந்த மூன்றாம் நாள் ராத்திரி, யாருக்கும் சொல்லாமல், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தார். பள்ளத்தாக்கு வாசல் வழியாக வெளியே போய், குப்பைமேட்டு வாசல், ஊருணி வாசல் என்று வந்தவருக்கு, ராஜாவின் குளத்தருகே ஏறிவந்த மிருகம் கால்வைக்கக்கூட வழியில்லாமல் போயிற்று. 1960-களில் அங்கே அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், கிழக்குச் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியிருந்த வீடுகள் சரிந்து குவிந்த இடிபாட்டைப் பார்த்தார். நெகேமியாவின் மிருகம் நின்ற இடம் இதுதான் போலும் என்று பொருத்திச் சொன்னதும் அவர்தான். அந்தச் சரிவைக் கைவிட்டு, மேட்டின் உச்சியோரமாக மதில் போனது என்பது அவருடைய முடிவு.

வேலையை நெகேமியா துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாம் அதிகாரம் முழுக்க அந்தப் பெயர்ப் பட்டியல்தான். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. பொற்கொல்லர், தைலக்காரர், வியாபாரிகள், தன் மகள்களோடு சேர்ந்து வேலை செய்த சல்லூம் என்று பலர். தெக்கோவா ஊர்க்காரர்கள் வந்தார்கள், அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்து கொடுக்கவில்லை என்று மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். எரிகோ, கிபியோன், மிஸ்பா, சனோவாக் என்று வெளியூர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நகரத்தில் வீடு வைத்திருந்த சிலர் 'தங்கள் வீட்டுக்கு எதிரே' உள்ள பகுதியைக் கட்டினார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காவல் முறையில் இது மறுபடி வரும்.

எதிரிகள் முதலில் கேலி செய்தார்கள். ஒரு நரி ஏறினாலே இடிந்துவிழும் சுவர் என்றார் தொபியா. அப்புறம் தாக்கத் திட்டம். அதனால் நெகேமியாவின் ஆட்களில் பாதிப் பேர் வேலை செய்ய, பாதிப் பேர் ஈட்டியும் வில்லும் கேடயமும் பிடித்து நின்றார்கள். சுமை தூக்குகிறவன் ஒரு கையில் வேலை, ஒரு கையில் ஆயுதம். எக்காளம் ஊதுகிறவன் நெகேமியாவின் பக்கத்திலேயே. சத்தம் கேட்ட இடத்துக்கு எல்லோரும் ஓடிவர வேண்டும். ராத்திரி யாரும் கிராமத்துக்குப் போகக்கூடாது, உள்ளேயே தங்கிக் காவல் காக்க வேண்டும் என்று கட்டளை. யூத நாள்காட்டியின் எலூல் மாதம் 25-ஆம் தேதி, 52 நாளில் வேலை முடிந்தது.

முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் அல்லவா? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெயில் ஏறுமுன் கதவைத் திறக்காதே

நெகேமியா ஏழாம் அதிகாரத்தின் முதல் நாலு வசனங்கள் மிகச் சிறியவை. அதற்குள் ஒரு முழுக் காவல் திட்டமே இருக்கிறது.

கதவுகளை மாட்டிய கையோடு வாசல் காவலாளரையும் பாடகரையும் லேவியரையும் நியமித்தார். லேவியர் என்பவர்கள் ஆலயத்தில் ஆசாரியருக்கு உதவியாக வேலை செய்யும் பரம்பரைக் குடியினர். ஆலய வாசல் காத்துப் பழகிய கூட்டம் கைவசம் இருந்ததால் நகர வாசலுக்கும் அந்த அனுபவம் உதவியது. மேற்பொறுப்பு இரண்டு பேருக்கு: முதலில் செய்தி கொண்டுவந்த ஆனானி, இன்னொருவர் கோட்டைத் தலைவர் அனனியா. அனனியாவைப் பற்றிச் சொல்லும்போது, உண்மையுள்ளவர், பலரைவிட அதிகமாகத் தேவபயம் உள்ளவர் என்கிறார். தகுதியாகச் சொன்னது நம்பிக்கையை, வீரத்தை அல்ல. காரணம் இருந்தது. தொபியாவுக்கு நகரத்துப் பெரிய மனிதர்கள் பலரோடு சம்பந்த உறவு. கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. வெளியே இருக்கிற எதிரியைவிட உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடுகிறவன்தான் பெரிய ஆபத்து.

அடுத்து நேரம். வெயில் ஏறும்வரை வாசல்களைத் திறக்கக்கூடாது. விடிந்தவுடன் திறப்பதில் என்ன தப்பு? அரைத்தூக்கத்தில் ஊர் இருக்கும், மங்கலில் வருகிறவன் முகம் தெரியாது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆள் குறைந்த ஊருக்கு அந்த ஒரு மணி நேரம் ஆபத்தானது. சாயங்காலம் காவலாளர் நிற்கும்போதே, அவர்கள் கண்முன்னே கதவைச் சாத்தித் தாழ்போட வேண்டும்.

மூன்றாவது, நகரத்தில் குடியிருப்பவர்களையே முறைபோட்டுக் காவல் வைப்பது. ஒவ்வொருவரும் அவரவர் காவல் இடத்தில், அவரவர் வீட்டுக்கு எதிரே. கட்டும்போது பார்த்த அதே ஏற்பாடு. முதுகுக்குப் பின்னால் தன் பெண்டாட்டி பிள்ளை தூங்குகிறார்கள் என்றால் காவல்காரனுக்குக் கண்காணிப்பாளர் தேவையில்லை. கூலிப்படை வைக்கப் பணமும் வேண்டாம்.

ஆனால் இந்த மூன்றாவது ஏற்பாடு நடக்க வேண்டுமானால் மதிலோரமெங்கும் வீடு இருக்க வேண்டும். நாலாம் வசனம் உண்மையைப் போட்டு உடைக்கிறது: பட்டணம் விசாலமும் பெரிதுமாயிருந்தது, ஜனங்கள் கொஞ்சம், வீடுகள் கட்டப்படவில்லை. வீடு இல்லாத இடத்தில் மதில் மட்டும் இருந்தால் ஏணி வைத்து ஏறுகிறவனைப் பார்க்கக் கண் இல்லை.

சரி, இங்கே ஒரு நிமிடம் நிற்போம். மதில் பாதுகாப்பு தரும் என்று கட்டினார்கள்; மதிலைப் பாதுகாக்க ஜனம் தேவைப்பட்டது; பாதுகாப்பு உறுதியாகாத இடத்துக்கு ஜனம் வரவில்லை. இந்தச் சுற்றை எங்கேயாவது அறுத்தாக வேண்டும்.

பத்தில் ஒருவர்

பதினோராம் அதிகாரத்தில் அறுக்கிறார்கள். தலைவர்கள் எருசலேமில் குடியேறினார்கள். மற்ற ஜனங்களுக்குள் சீட்டுப் போட்டு, பத்துப் பேரில் ஒருவர் எருசலேமுக்கு, ஒன்பது பேர் மற்றப் பட்டணங்களில் என்று பிரித்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆட்களை எடுத்து ஒரு மைய நகரத்தில் குடிவைக்கும் இந்த முறையைக் கிரேக்க வரலாற்றில் சினோய்கிஸ்மோஸ் என்பார்கள். பல கிரேக்க நகரங்கள் அப்படித்தான் பெருகின.

ஏன் சீட்டு? புனித நகரத்தில் குடியிருப்பது பாக்கியம் என்றால் ஆளுக்கு முன்னால் ஆள் ஓடிவர மாட்டார்களா? கிராமத்தானின் இடத்திலிருந்து பாருங்கள். வயல் இருப்பது பெத்லகேம் பக்கம். எருசலேமில் அவனுக்கு வீடில்லை, கட்ட வேண்டும். உழவுக்குத் தினமும் நடக்க முடியாது. சண்டை வந்தால் முதலில் குறிவைக்கப்படுவது மதில் உள்ள ஊர்தான். காவல் முறை வேறு. இதற்கெல்லாம் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு கடன் நெருக்கடி வந்திருந்தது: ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கி, வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்த குடும்பங்கள் வந்து கதறின. நெகேமியா பணக்காரர்களைக் கூட்டி நிறுத்தி, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். பன்னிரண்டு ஆண்டு ஆளுநராக இருந்தும், ஆளுநருக்குரிய படியை அவர் வாங்கவில்லை. அந்தச் சுமை ஜனங்கள்மேல் அதிகமாக இருந்தது என்று காரணமும் சொல்கிறார். இப்படிப்பட்ட ஜனங்களிடம்தான் 'வயலை விட்டுவிட்டு ஊருக்குள் வா' என்று கேட்க வேண்டியிருந்தது.

அந்த ஊரில் சீட்டு என்பது விளையாட்டில்லை. கடவுளின் தீர்மானமாக அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆலயத்துக்கு விறகு கொண்டுவரும் முறையைக்கூடச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தார்கள். என்னை ஏன் அனுப்பினாய், அவனை ஏன் விட்டாய் என்று யாரும் ஆளுநரோடு மல்லுக்கு நிற்க முடியாது.

தாங்களாகவே முன்வந்து குடியேறியவர்களை ஜனங்கள் வாழ்த்தினார்கள் என்றும் அடுத்த வசனம் சொல்கிறது. சீட்டு விழுந்தவர்கள் மனமுவந்து ஒத்துக்கொண்டதைச் சொல்கிறதா, அல்லது சீட்டுக்கு வெளியே வந்த தன்னார்வலர்களைச் சொல்கிறதா என்று இரண்டு விதமாகவும் படிப்பார்கள். எப்படிப் படித்தாலும், வாழ்த்தியவர்கள் கிராமத்திலேயே இருந்துகொள்ள முடிந்த ஒன்பது பேர். அவர்கள் வாழ்த்தாமல் வேறு யார் வாழ்த்துவார்கள்?

பிறகு கணக்கு வருகிறது. யூதா கோத்திரத்து பேரேஸ் வம்சம் 468, பென்யமீன் 928, ஆசாரியர் மூன்று பிரிவாக 822, 242, 128, லேவியர் 284, வாசல் காவலாளர் 172. கூட்டினால் 3,044 ஆண்கள். யூதா, பென்யமீன் குடிகளைவிட ஆலயத்தைச் சார்ந்தவர்கள் அதிகம் என்பதைப் பாருங்கள். நிலத்தோடு கட்டுண்டவனைவிட ஆலயத்தில் பிழைப்பு இருப்பவனை நகரத்துக்குக் கொண்டுவருவது சுலபம்.

இந்த எண்ணை அப்படியே நம்பலாமா என்பதில் சண்டை இருக்கிறது. குடும்பத்தோடு சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். பாரசீகக் காலத்து எருசலேம் கீகோன் ஊற்றுக்கு மேலிருந்த ஒடுக்கமான மேட்டிலும் ஆலய வளாகத்தை ஒட்டியும் மட்டுமே இருந்தது, மேற்குக் குன்று காலி. அகழாய்வாளர்களின் மதிப்பீடுகள் சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை போகின்றன. இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் போன்றவர்கள் மிகக் குறைத்தே சொல்கிறார்கள். நாளாகமப் புத்தகத்தில் இதே பட்டியல் சற்று மாறி வருகிறது. அங்கே வாசல் காவலாளர் 212 பேர். எண்கள் திருத்தப்பட்டுக்கொண்டே வந்த நிர்வாகப் பட்டியல் இது என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

காவல்காரனுக்குச் சோறு

அந்த நாளாகமப் பட்டியல் இன்னொரு நல்ல தகவலைத் தருகிறது. ஆலய வாசல்களுக்கு நாலு திசையிலும் தலைமைக் காவலாளர் நாலு பேர். அவர்கள் நிரந்தரமாக அங்கேயே ராத்தங்குவார்கள். காலையில் கதவைத் திறப்பது அவர்கள் பொறுப்பு. மற்றவர்கள் தங்கள் கிராமங்களிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை மாறி மாறி முறைக்கு வருவார்கள். நிரந்தர ஆட்கள் கொஞ்சம், வாரமுறை ஆட்கள் நிறைய. பத்தில் ஒருவரைக் குடிவைத்தும் தீராத ஆள் பஞ்சத்துக்கு இது ஒரு வழி.

இவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? தசமபாகத்திலிருந்து. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை லேவியருக்குக் கொடுப்பதுதான் தசமபாகம். கிராமத்தில் இருக்கும் ஒன்பது பேர் அனுப்புகிற தானியமும் எண்ணெயும் வந்தால்தான் நகரத்தில் இருக்கிறவன் காவல் நிற்க முடியும். ஜனங்கள் கையெழுத்திட்டு உறுதி கொடுத்தார்கள்.

அர்தசஷ்டாவின் 32-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 433-இல், நெகேமியா ராஜாவிடம் திரும்பிப் போனார். சில காலம் கழித்து மறுபடி வந்து பார்த்தால், லேவியருக்கும் பாடகருக்கும் பங்கு வரவில்லை. அவர்கள் அவரவர் வயலுக்கு ஓடிப்போயிருந்தார்கள். தானியம் வைக்க வேண்டிய பெரிய அறையைப் அறைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஆசாரியனுக்கு வேண்டியவரான தொபியாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆம், நரி ஏறினால் இடியும் என்ற அதே தொபியா. நெகேமியா அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்து, அறையைச் சுத்தம் செய்து, லேவியரைத் திரும்பக் கூட்டிவந்து, பங்கு பிரிக்க நம்பகமான பொக்கிஷக்காரரை நியமித்தார்.

நகரம் இதற்குள் ஓரளவு உயிர்பிடித்திருந்தது என்பதற்கு அவர் எழுதிய அடுத்த புகாரே சாட்சி. வேலையும் வியாபாரமும் கூடாத வாரத்தின் ஏழாம் நாளான ஓய்வுநாளிலும் சந்தை நடக்கிறது. திராட்சை, அத்திப்பழம் ஏற்றிய கழுதைகள் உள்ளே வருகின்றன. தீரு பட்டணத்து வியாபாரிகள் நகரத்திலேயே தங்கி மீன் விற்கிறார்கள். ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலம், வாசலில் நிழல் படரும்போதே கதவைச் சாத்தச் சொல்லி, ஓய்வுநாள் முடியும்வரை திறக்கக்கூடாது என்று தன் ஆட்களையே நிறுத்தினார். வியாபாரிகள் விடுவார்களா? ஒன்றிரண்டு தடவை சரக்கோடு வந்து மதிலுக்கு வெளியே படுத்துப் பார்த்தார்கள். மறுபடி இங்கே ராத்தங்கினால் உங்கள்மேல் கைபோடுவேன் என்று நெகேமியா மிரட்டினார். அதற்கப்புறம் ஓய்வுநாளில் அவர்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். வாசல் காவலையும் திரும்ப லேவியரிடமே ஒப்படைத்தார். மற்ற ஆறு நாளும் தீருவின் மீன் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.